இரண்டு அங்குலப் பச்சை

வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஆனால் இன்ஜினை அணைக்கவில்லை. வேறு யார் வீட்டு வாசலிலோ நிற்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கு.

இருபத்தெட்டு வருடமாக அடுத்தவர் நிலத்தை அளந்து எல்லைக்கல் காட்டுகிற நில அளவர் நான். சொந்த வீடு தெரியாமல் போகுமா? முருங்கை மரம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. படியில் இடுப்பில் கைவைத்து நிற்பது என் மனைவி மல்லிகாதான். வீடு மட்டும் வேறாக இருந்தது.

காலையில் நான் வேலைக்குப் புறப்பட்டபோது வெளிறிய மஞ்சளாக இருந்த முன்சுவர், மாலையில் சாம்பல் நிறத்தில் நின்றது. மழையில் நனைந்து இறுகிப்போன சிமெண்ட் மூட்டை மாதிரி ஒரு நிறம். பொங்கலுக்கு ஊரே வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் துக்கம் அனுசரிப்பதுபோல் இருந்தது.

பெயின்டர் கருப்பையா சாரத்தின் மேலிருந்து குனிந்து பார்த்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி.

"எப்புடிண்ணே? ரெண்டு கோட்டு முடிஞ்சிருச்சு. நீங்க காட்டுனதுக்கும் இதுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தாச் சொல்லுங்க."

நான் பதில் சொல்வதற்குள் மல்லிகா சொன்னாள். "சுடுகாட்டுக் கொட்டகைக்குக்கூட இதவிட நல்ல கலரா அடிப்பாங்க. இதத்தான் காலையில அம்புட்டு ரசிச்சு எடுத்துக் குடுத்தீங்களாக்கும்?"

நான் காலையில் ரசித்து எடுத்துக் கொடுத்தது பச்சை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பச்சையை இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்றுதான் மாடிக்குப் போனேன்.

போகாமல் இருந்திருக்கலாம். குறைந்தது அன்று இரவுச் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

நாற்காலியில் மூன்று மணி நேரம்

என் மகள் தேன்மொழி ஓவியர். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதற்கு முன்பெல்லாம் யாராவது கேட்டால், பெங்களூரில் கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறாள் என்று சொல்வேன். அந்த வேலையை விட்டுவிட்டு, வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைக்கே அவள் திரும்பி வரும்வரை அது உண்மையாகவும் இருந்தது.

அவள் வரைவதில் உருவம் கிடையாது. மனிதர், மாடு, மரம், கோபுரம் ஒன்றும் கிடையாது. அரூப ஓவியம் என்று அதற்குப் பெயராம். ஆளுயரத் துணி முழுக்க நிறம் மட்டும் இருக்கும். ஒரு நிறம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. எல்லை தெரியாத எதைப் பார்த்தாலும் எனக்கு வியர்த்துவிடும். அது என் உத்தியோகம் கொடுத்த வியாதி.

மல்லிகாவின் தம்பி ராசு மீமிசலில் இருக்கிறான். மாதம் ஒருமுறை நண்டும் மீனுமாக வருவான். ஒருநாள் மாடிக்குப் போய்விட்டுத் தலையைச் சொறிந்தபடி இறங்கி வந்தான். "மச்சான், தப்பா எடுத்துக்கிறாதீங்க. அதுல மேல எது, கீழ எது?" என்றான்.

எனக்கும் தெரியவில்லை. அந்தக் கவலையில், தேன்மொழி குளிக்கப் போன நேரத்தில், எல்லா ஓவியங்களின் பின்புறமும் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு 'மேல்' என்று எழுதி வைத்தேன். மறுவாரம் பார்த்தால் இரண்டு ஓவியங்களைத் தலைகீழாக வைத்து வேலை செய்துகொண்டிருந்தாள்.

அவளுடைய வேலை நேரமும் எனக்குப் பிடிபடவில்லை. காலையில் பழைய எவர்சில்வர் தட்டில் ஒரே ஒரு நிறத்தைக் குழைப்பாள். ஒரு நாளைக்கு ஒரு நிறம்தான். ட்யூபிலிருந்து பிதுக்கியதை அப்படியே பூசவே மாட்டாள். கறுப்பைத் தொடவே மாட்டாள். குழைத்ததை உள்ளங்கையளவு பூசுவாள். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை எதிரே போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் பூசியதைச் சுரண்டி எடுத்துவிடுவாள்.

"என்ன ஆத்தா, வேல ஒண்ணும் நடக்கலையா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"காலையிலேருந்து நடந்துக்கிட்டேதானப்பா இருக்கு" என்றாள்.

நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டே தலை நரைத்தவன். உட்கார்ந்திருப்பதும் வேலைதான் என்பதை நம்ப எனக்குப் பழக்கம் போதவில்லை. எங்கள் அலுவலகத்திலும் பலர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் யாரும் சாயங்காலம் எதையும் சுரண்டியதில்லை.

மூன்று பேர் நிலத்தில் ஒரே நீலம்

இது இன்று நேற்று வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தேன்மொழிக்கு ஐந்து வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு எடுத்து வந்திருந்த புலப்படம் ஒன்றை மேசையில் விரித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். மணமேல்குடிப் பக்கம் மூன்று பங்காளிகள் ஒரு வரப்புக்காகப் பல வருடம் முட்டி மோதிக்கொண்டிருந்த நிலத்தின் வரைபடம் அது. ஒரு வாரம் வெயிலில் நின்று அளந்து, கோடு கோடாக நான் பிரித்து வைத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது மூன்று பேர் நிலமும் ஒரே நீலமாக இருந்தது. மெழுகுக் குச்சியால் கோடுகளின் மேலேயே அழுத்தித் தேய்த்திருந்தாள். கிணற்றை மட்டும் மஞ்சளாக்கியிருந்தாள்.

நான் அழாத குறை. மறுநாள் மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "நீங்களும் நானும் பண்ண முடியாத சமாதானத்தப் புள்ள பண்ணிருச்சேய்யா" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாளில் புதிதாக வரைந்து வரச் சொன்னார்.

அன்றிலிருந்தே எனக்கு அவளுடைய நிறங்களின் மேல் ஒரு பயம். அவள் நிறத்தைத் தொட்டால் என் கோடு அழியும் என்ற பயம். என் கோடு அவள் நிறத்தை அழிக்கும் நாள் ஒன்று வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை

அந்த மார்கழியில் அவளுக்குச் சென்னையில் முதல் கண்காட்சி. மூன்று இளைஞர்கள் சேர்ந்து வைப்பது. ஆளுக்கு ஐந்து ஓவியம். தேன்மொழியின் ஐந்தாவதுதான் பெரியது, ஐந்தடிக்கு நான்கடி. ஆறு மாதமாக நாற்காலி போட்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். அதற்கென்றே அங்கே ஒரு முழுச் சுவரை ஒதுக்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வண்டி வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஓவியங்களுக்கு ஏதோ மரச்சட்டம் வாங்கத் திருச்சிக்குப் போனாள்; செவ்வாய்க்கிழமைதான் திரும்புவாள். போகும்போது முதல் தடவையாக அறைச் சாவியை என்னிடம் கொடுத்தாள். காலையில் ஜன்னலைத் திறக்க வேண்டும், பத்து மணி வெயில் உள்ளே வருவதற்குள் சாத்த வேண்டும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். இவ்வளவுதான் உத்தரவு.

வேறு ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை ஜன்னலைத் திறந்தேன். வெளிச்சம் அந்தப் பெரிய ஓவியத்தின் மேல் விழுந்தது. வழக்கமாக நான் அதைக் கடந்து போகும்போது தரையைப் பார்த்துக்கொண்டு போவேன். அன்று யாரும் இல்லாத தைரியத்தில் நிமிர்ந்து பார்த்தேன்.

முழுக்கச் செங்கல் சிவப்பும் காவியும். நடுவில், கொஞ்சம் மேலே, ஒரு கையகலம் பச்சை. இலைப் பச்சை இல்லை. மீமிசல் கரையில் விடியும் நேரத்தில் தண்ணீர் ஒரு பச்சையாக இருக்குமே, சூரியன் வந்ததும் காணாமல் போய்விடுமே, அது. எனக்கு என்னவோ செய்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, இது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

சரியாக அந்த நேரத்தில் கருப்பையா கீழே நின்று கூப்பிட்டார். முன்சுவருக்கு என்ன கலர் என்று நான் மூன்று நாளாகச் சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. மகள் திரும்பி வரும்போது, அவள் குழைத்த பச்சையில் வீடே நிற்க வேண்டும். உன் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது என்று வாயால் சொல்வதைவிட இது சுலபம் என்று நினைத்தேன்.

கருப்பையாவை மேலே கூப்பிட்டேன். அவர் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவருடைய தொழிலில் இது தெரிந்த சங்கதி. வீட்டுக்காரர்களுக்குக் காட்ட, சுவரில் நாலைந்து நிறத்தைத் திட்டுத் திட்டாகப் பூசி வைப்பார்கள்; பிடித்ததைத் தொட்டுக் காட்டினால் போதும்.

"பாப்பா துணியிலேயே அடிச்சுப் பாத்துருக்கா? நல்லதுதான், செவுத்துல கறை ஆகாது" என்றார்.

நான் அந்தப் பச்சையைத் தொடாமல் தொட்டுக் காட்டினேன். போனில் படம் எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டேன். போன் படத்தை நம்பி ஒரு வீட்டுக்கு ரோஸ் அடித்து வசவு வாங்கிய கதையை அவர் சொன்னார். புதுக்கோட்டையில் பெயின்ட் கடையில் மெஷின் இருக்கிறதாம். சாம்பிளை அதன் அடியில் வைத்தால், எந்த நிறமானாலும் அச்சு அசலாகக் கலந்து கொடுத்துவிடுமாம்.

"சாம்பிளுக்கு என்ன பண்ணுவீங்க?"

"அத நான் பாத்துக்கிறேண்ணே. நீங்க கெளம்புங்க, ஒங்களுக்கு நேரமாச்சு."

எனக்கு நேரமாகிவிட்டிருந்தது உண்மைதான். ஜன்னலைச் சாத்தும்படி அவரிடமே சொல்லிவிட்டு இறங்கினேன். படியில் இறங்கும்போது மேலே 'வரக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஜன்னல் சாத்துகிற சத்தம் என்று நினைத்தேன்.

சுவருக்குப் பட்டி பார்க்கிற தகட்டால் ஓவியத்தின் கித்தான் துணியை அறுத்தால் எப்படிச் சத்தம் வரும் என்று எனக்கு இப்போது தெரியும். யாராவது பழைய வேட்டியைக் கிழித்தால்கூட இன்றும் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்க்கிறேன்.

வடமேற்கு மூலையிலிருந்து

ஆக, அன்று மாலை சாம்பல் சுவரைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனேன் அல்லவா. கண்டது இதுதான். ஓவியத்தின் வடமேற்கு மூலையிலிருந்து கிழக்கே இருபத்தொரு அங்குலம், தெற்கே பதினேழு அங்குலம். அங்கே இரண்டுக்கு இரண்டு அங்குலத்தில் ஒரு சதுர ஓட்டை. விளிம்பு பிசிறில்லாமல் இருந்தது. கருப்பையா சுத்தமான வேலைக்காரர். ஓட்டை வழியாக அறையின் பின்சுவர் தெரிந்தது. அதில் ஒரு பல்லி.

பயத்தில் எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. முதலில் டேப்பை எடுத்து அளந்துதான் பார்த்தேன்.

கருப்பையாவிடம் இறங்கி வந்து கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. சுவராக இருந்தால் ஒரு சில்லுப் பெயர்ப்பதாகவும், துணியாக இருந்ததால் அறுத்ததாகவும் சொன்னார். வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடித்த பிறகு அந்தத் துணி எதற்கு என்று திருப்பிக் கேட்டார். அது பாப்பாவின் ஆறு மாத வேலை, சென்னையில் கண்காட்சிக்குப் போவது என்று நான் சொன்னதும் அவர் சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஏணியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கியவர் என்னைவிட அதிகமாக வேர்த்திருந்தார்.

இருவரும் என் வண்டியில் புதுக்கோட்டைக்குப் பறந்தோம். கடையில் அந்தத் துண்டைத் தங்கள் நோட்டில் ஒட்டி வைத்திருந்தார்கள். பெரிதும் கெஞ்சியபின், கடைக்கார அம்மா பக்கத்தோடு கிழித்துக் கொடுத்தார். பின்புறம் பால்பாயின்ட் பேனாவில் கலவை நம்பர் எழுதியிருந்தது. "நல்லாப் போற கலருதாங்க. எல்லாரும் காம்பவுண்டுக்கு வாங்குவாங்க" என்று ஆறுதலும் சொன்னார்.

கையில் வைத்துப் பார்த்தேன். சாம்பல். கடை விளக்கில் பார்த்தேன், வாசலில் வந்து பார்த்தேன். சாம்பலேதான். பச்சை எங்கே போனது என்று அப்போது யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து, ஓட்டைக்குப் பின்னால் ஒரு துணித் துண்டு வைத்துப் பசை தடவி, அந்தச் சதுரத்தைத் திரும்ப ஒட்டினேன். கருப்பையா டார்ச் பிடித்தார். நூல் பிசகாமல் உட்கார்ந்தது. இருவரும் மூச்சு விட்டோம்.

சதுரத்துக்கு நான்கு பக்கமும் ஒரே அளவு. அதை நான்கு விதமாக ஒட்டலாம். அதில் மூன்று தப்பு. வாழ்நாள் முழுக்கத் திசை பார்த்துக் கல் நட்டவனுக்கு அந்த நேரத்தில் இது தோன்றவில்லை.

கேட்டிலிருந்தே

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்த தேன்மொழி, கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பையைக் கீழே வைத்தாள். சுவர் அருகே போய் விரலால் தொட்டாள்.

"இது என் கலரு" என்றாள். "யாரு எடுத்தது?"

நான் பேச வாயெடுப்பதற்குள் மாடிப்படியில் ஏறிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன். அறை வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். தூரிகைத் தடம் மேலிருந்து கீழாகப் போக, அந்த ஒரு சதுரத்தில் மட்டும் இடமிருந்து வலமாக ஓடியது. எல்லாரும் வடக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் ஒருவர் மட்டும் கிழக்கே பார்த்து உட்கார்ந்த மாதிரி.

எல்லாவற்றையும் சொன்னேன். கருப்பையாவின் மேல் பழி போடவில்லை. போட நினைத்தேன், வரவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா இந்த எடம்?"

அந்தப் பச்சை பிடித்திருந்தது, மீமிசல் தண்ணீர் மாதிரி இருந்தது என்றேன்.

"அங்க பச்சையே இல்லப்பா. வெறும் சாம்பல்தான். சுத்திச் செவப்பு நிக்கிறதுனால ஒங்களுக்குப் பச்சையாத் தெரிஞ்சுச்சு. அந்தச் சாம்பலக் கொழைக்க எனக்கு மூணு நாளாச்சு. செவப்பையும் பச்சையையும் கலந்து, ஒண்ண ஒண்ணு சாகடிக்க விட்டு எடுத்தது. மறுபடி வராது."

எனக்குப் புரியவில்லை. என் கண்ணால் பார்த்த பச்சையை இல்லை என்கிறாள். ஆனால் வாதாடுகிற நிலையில் நான் இல்லை.

அவள் எழுந்து, நகத்தால் அந்தச் சதுரத்தைப் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்தாள். "நீங்களே வச்சுக்கங்க" என்றாள். "வெள்ளிக்கிழமை வண்டியிலயே நானும் என் சாமானெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிர்றேன். சென்னையில ஒரு ரூம் பாத்துக்கிறேன். இங்க வச்சு இனி முடியாதுப்பா."

அவ்வளவுதான். அன்று முழுக்க மாடியில் அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மல்லிகா சோற்றை வைத்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். தட்டு நகர்ந்த வேகத்திலேயே விஷயம் விளங்கியது.

கல்லடியில்

புதன்கிழமை எனக்கு ஒரு புன்செய்க் காட்டில் அளவை. வழக்கம்போல ஒரு பக்கத்தில் அண்ணன், ஒரு பக்கத்தில் தம்பி, நடுவில் நான். எல்லைக்கல் புதைந்து கிடந்தது. மண்ணைக் கிளறிவிட்டு, நம்பர் குறித்து வைத்திருந்த சீட்டை எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டேன். சீட்டோடு அந்தச் சதுரமும் வந்து கீழே விழுந்தது.

கிளறிய செம்மண். எங்கள் பக்கத்து மண்தான், கையில் எடுத்தால் ரேகையெல்லாம் சிவக்கும். அதன்மேல் அந்த இரண்டு அங்குலம் கிடந்தது.

பச்சை.

எடுத்தேன். சாம்பல். மறுபடி மண்ணில் வைத்தேன். பச்சை. சீட்டின் வெள்ளையில் வைத்தேன். சாம்பல். மண்ணில் வைத்தேன். விடிகிற நேரத்துத் தண்ணீர்.

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இப்படி எடுத்து எடுத்து வைப்பதைப் பார்த்து அண்ணனும் தம்பியும் சண்டையை நிறுத்திவிட்டார்கள். "என்ன சார், கல்லு தப்பா இருக்கா?" என்று அண்ணன் கேட்டார். "வெயிலு சார், செத்த நெழலுக்கு வாங்க" என்றார் தம்பி. ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்த காரியம் என்னைக் கைத்தாங்கலாக வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போனதுதான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

நிழலில் உட்கார்ந்து அன்றைய பத்திரத்தைப் பிரித்தேன். எல்லாப் பத்திரத்திலும் செக்குபந்தி என்று ஒன்று உண்டு. இந்த நிலம் இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, இன்ன பாதைக்குத் தெற்கு என்று நான்கு பக்கத்து எல்லையையும் எழுதுவது. அது இல்லாவிட்டால் நிலமே இல்லை, வெறும் நம்பர்தான். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு நிலம் இன்னதென்று தெரியும். இதைச் சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான்.

நான் செக்குபந்தி இல்லாமல் ஒரு நிறத்தை வெட்டி எடுத்துப்போக விட்டிருக்கிறேன். மெஷின் நம்பரை மட்டும் சரியாகச் சொல்லிவிட்டது.

தேன்மொழிக்குப் போன் போட்டேன். மூன்றாவது முறை எடுத்தாள்.

"ஆத்தா, பச்சை தெரியுது" என்றேன்.

மறுமுனையில் டேப் கிழிக்கிற சத்தம் நின்றது.

"எங்கப்பா இருக்கீங்க?"

"காட்டுல. செம்மண்ணுல வச்சேன். எடுத்தாச் சாம்பல். வச்சாப் பச்சை. நீ சொன்னது நெசந்தான். செக்குபந்தி இல்லாம வெட்டிட்டேன் ஆத்தா."

ஒரு பெட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "வெயில்ல நிக்காம வீட்டுக்கு வாங்கப்பா" என்றாள். மன்னிப்பா இல்லையா என்று அந்தக் குரலை வைத்து என்னால் அளக்க முடியவில்லை.

டிபன் பாக்ஸில் சாம்பிள்

டிபன் பாக்ஸைக் கழுவி, அது நிறையச் செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்தேன். கருப்பையா சுவரைப் பார்க்காமல் தலைகுனிந்து ஜன்னல் கம்பிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாக்ஸைத் திறந்து நீட்டினேன். ஜன்னலுக்கு மேல் மழை மறைப்பு, தூண், கைப்பிடிச்சுவர், எல்லாம் இந்த நிறம் வேண்டும் என்றேன்.

"சாம்பிளாண்ணே?" என்றார் பயந்துபோய். "இது யாருது?"

"ஊர்ப் பொது. எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க."

மேலே ஜன்னல் திறந்தது. தேன்மொழி எட்டிப் பார்த்தாள். மண்ணைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். நான் வேறெங்கோ பார்த்தேன். ஐந்து நிமிடம் கழித்து, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். நேராகக் கருப்பையாவிடம் போனாள்.

"கருப்பையாண்ணே, மெஷின் வேணாம். காவி இருக்கா? கொஞ்சம் மஞ்சளும் எடுங்க. இந்தச் சாம்பல இப்புடித் தனியா நிக்க விட்டுட்டுப் போனா எனக்குச் சென்னையில தூக்கம் வராது."

வாளியில் அவளே குச்சியால் கலக்கினாள். கொஞ்சம் பூசுவாள், தெருவில் போய் நின்று பார்ப்பாள், திரும்பி வந்து சுரண்டுவாள். நான்காவது முறையும் சுரண்டியபோது கருப்பையா என் காதருகே வந்தார். "அண்ணே, இந்தப் பாப்பாவ வேலைக்கு வச்சா ஒரு வீடு முடிக்க ஒரு வருசம் ஆகும்" என்றார். ஆனால் ஆறாவது முறை அவள் தெருவுக்குப் போனபோது அவரும் கூடவே போய் நின்றார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி வெயிலில் நான்கு பேரும் தெருவில் நின்று பார்த்தோம். சிவப்புத் தூண்களுக்கு நடுவில் சுவர் லேசாகப் பச்சை காட்டியது. நான் தேன்மொழியைப் பார்த்தேன். அவள் தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சாம்பலாத்தான் தெரியுது" என்றாள் மல்லிகா. "ஆனா முந்திக்கு இப்ப மோசமில்ல."

இன்றும் அப்படித்தான். காலையில் பச்சை, மாலை ஆறு மணிக்கு மேல் சாம்பல், மல்லிகாவுக்கு எந்நேரமும் சாம்பல்.

வெள்ளிக்கிழமை

வண்டி வந்தது. நான்கு ஓவியங்கள் ஏறின. ஐந்தாவது ஏறவில்லை. அதை ஒட்டுப் போட்டு அனுப்ப அவள் சம்மதிக்கவில்லை. சென்னையில் அதற்கென்று ஒதுக்கிய சுவர் கடைசிவரை வெறுமையாகவே இருந்தது. கண்காட்சிக்குப் போயிருந்தபோது அதன் முன்னால் வெகுநேரம் நின்றவன் நான் ஒருவன்தான். அதுவும் ஓர் ஓவியமோ என்று ஓர் அம்மாள் என்னிடம் விளக்கம் கேட்டார். என்னுடையதுதான் என்று சொல்ல வாய் வரை வந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கே திரும்புகிறேன். அட்டைப் பெட்டிகளை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினேன். இரண்டோடு நின்றது. மற்றவை எங்கே என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் ஞாபகம் வந்து ஏற்றிவிடுவாளோ என்று.

டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவள், ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். மாடிச் சாவி.

"கதவுல எழுதி ஒட்டியிருக்கேன்பா. அதப் பாத்து நடந்துக்கங்க" என்றாள்.

வண்டி திரும்பும்வரை நின்றுவிட்டு மாடிக்கு ஓடினேன். கதவில் ஒரு தாள். ஜன்னலைத் திறக்கவும். பத்து மணிக்குள் சாத்தவும். கருப்பையாண்ணனுக்கு அனுமதி இல்லை. கடைசி வரி மட்டும் வேறு பேனாவில், பிறகு யோசித்து எழுதியது போலிருந்தது: அப்பா பார்க்கலாம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

உள்ளே, ஒட்டிய மற்ற பெட்டிகளையெல்லாம் மறுபடி பிரித்து, சாமான்களைப் பழைய இடத்திலேயே அடுக்கியிருந்தாள். எவர்சில்வர் தட்டு இருந்தது. ஓட்டை விழுந்த ஓவியம் சுவரில் சாய்ந்திருந்தது. அதன் எதிரே, சரியான தூரத்தில், பிளாஸ்டிக் நாற்காலி.

உட்கார்ந்தேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கையைப் பின்னால் கட்டுவது சிரமம். கட்டிக்கொண்டேன். பத்து மணிக்கு இன்னும் நேரமிருந்தது.